சி.ஆர்.எம். ரெக்கார்டு லிங்க் திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களுக்கும் உதகையில் உள்ள சில விடுதிகளுக்கும் சி.ஆர்.எம்., அதாவது வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அதில் ஒருவருக்கோ ஒரு முன்பதிவுக்கோ இருக்கும் விவரப் பக்கம்தான் ரெக்கார்டு. எனக்கு வரும் அழைப்புகளில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது ஒன்றுதான்: "அண்ணா, ரெக்கார்டு லிங்க் அனுப்பியிருக்காங்க, திறக்கவே மாட்டேங்குது."

மலையில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒரு நிறுவனத்தின் ஆட்கள் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. முன்பதிவு எடுப்பவர் கோயம்புத்தூரில் இருப்பார், வரவேற்பில் இருப்பவர் உதகையில், வண்டி ஏற்பாடு செய்பவர் மேட்டுப்பாளையத்தில். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபின், வண்டி எண்ணும் வரும் தேதியும் சரிதானா என்று பார்க்க அந்த ஒரு முன்பதிவு ரெக்கார்டைப் பலர் திறக்கிறார்கள். தேயிலைப் பக்கம் வந்தால், பச்சை இலை கொடுக்கும் விவசாயியின் ரெக்கார்டு லிங்க், தோட்டத்துக்குப் போகிறவரிடமிருந்து கணக்குப் பிரிவுக்கு வாட்ஸ்அப்பிலும் எக்செல்லிலும் பயணம் செய்கிறது.

நான் பார்த்தவரை சி.ஆர்.எம். மென்பொருள் பழுதாகி லிங்க் திறக்காமல் போவது அபூர்வம். லிங்க் கெடுவது பெரும்பாலும் வழியில், அதிலும் எக்செல்லில். அடுத்த காரணம், திறக்கிறவர் எந்தக் கணக்கில், எந்த உரிமையோடு உள்ளே இருக்கிறார் என்பது. அதனால் "எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிடு" என்று ஆரம்பிக்காதீர்கள். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்து, அங்கிருந்து படிப்படியாக இறங்குங்கள். ஜோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட், ஓடூ எதை வைத்திருந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடும் இடத்தில் பெயர் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஒன்று: அனுப்பியவரிடமே அதே லிங்க்கைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய திரையில் ஏற்கெனவே திறந்திருக்கும் ரெக்கார்டைப் பார்த்து "எனக்குத் திறக்குதே" என்று சொல்லக் கூடாது. அனுப்பிய மெசேஜில் இருக்கும் லிங்க்கைத் தொட்டுத் திறக்க வேண்டும். அவருக்கும் திறக்கவில்லை என்றால் லிங்க்கே கெட்டிருக்கிறது. அவருக்குத் திறந்து உங்களுக்குத் திறக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் லாகின், உரிமை, கருவி இவற்றில் ஒன்று.

இரண்டு: லிங்க்கை விட்டுவிட்டு சி.ஆர்.எம். உள்ளே போய், மேலே இருக்கும் தேடல் பெட்டியில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரைப் போடாதீர்கள், எண்ணைப் போடுங்கள். கிடைத்தால் ரெக்கார்டு உயிரோடு இருக்கிறது, உங்களுக்குப் பார்க்கும் உரிமையும் இருக்கிறது, எனவே லிங்க்தான் தவறு. அவசரமாக இருந்தால் இத்தோடு வேலையை முடித்துக்கொண்டு, காரணத்தை அப்புறம் தேடலாம்.

மூன்று: பிரவுசரில் ரகசிய ஜன்னல் (இன்காக்னிட்டோ) திறந்து லிங்க்கை ஒட்டுங்கள். லாகின் கேட்டு, உள்ளே போனதும் ரெக்கார்டு வந்துவிட்டால், வழக்கமான ஜன்னலில் வேறு ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது, அல்லது லாகின் காலாவதியாகியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மூன்றின் விடைகளையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வொரு இடத்திலும் தேவைப்படும்.

## அறிகுறி: லாகின் பக்கமோ முகப்புப் பக்கமோ வந்து நின்றுவிடுகிறது

### எங்கிருந்து திறந்தாலும் இப்படித்தான் என்றால்

லாகின் காலாவதியாகியிருக்கலாம். முதலில் சி.ஆர்.எம்.-க்குள் தனியாக நுழைந்துவிட்டு, அதே பிரவுசரில் லிங்க்கை மறுபடி ஒட்டுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

ஓடிபி வராமல் லாகினிலேயே மாட்டிக்கொண்டிருந்தால், நம் ஊரில் அது பெரும்பாலும் சிக்னல் விஷயம். பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்), மழை பிடித்த நாட்களிலும் எஸ்.எம்.எஸ். வந்து சேருவதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிடும். இதற்கு நல்ல மாற்று, போனில் இருக்கும் ஆதென்டிகேட்டர் ஆப். அது நெட்வொர்க் இல்லாமலேயே குறியீட்டைக் காட்டும், சாதாரணமாக 30 நொடிக்கு ஒருமுறை மாற்றும். அதற்குப் போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருந்தால் போதும். குறியீடு "தவறு" என்று வந்துகொண்டே இருந்தால் போனின் நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சீசனுக்கு முன்பே போட்டுக் கொடுத்துவிடுங்கள். மே மாதக் கூட்டத்தின் நடுவில் இதைச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

அடுத்து, எந்தக் கணக்கு என்று பாருங்கள். சொந்த மெயிலில் ஒரு சோதனைக் கணக்கு, அலுவலக மெயிலில் உண்மையான கணக்கு என்று இரண்டு வைத்திருப்பவர்கள் நிறைய. ரகசிய ஜன்னல் சோதனை இதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஜோஹோ பயன்படுத்துகிறவர்கள் முகவரியின் நடுவில் உள்ள டாட் இன், டாட் காம் வித்தியாசத்தைப் பாருங்கள். கணக்கு எந்த டேட்டா சென்டரில் தொடங்கப்பட்டதோ அங்கேதான் ரெக்கார்டுகள் இருக்கும். டாட் இன் கணக்கின் லிங்க்கை யாராவது கையால் டாட் காம் என்று அடித்திருந்தால் ரெக்கார்டுக்குப் போய்ச் சேராமல் முகப்போடு நின்றுவிடலாம். லிங்க்கை ஒருபோதும் கையால் அடிக்க வேண்டாம்.

அலுவலக வைஃபையில் உள்ளே போக முடிகிறது, மொபைல் டேட்டாவில் முடியவில்லை என்றால், அட்மின் யாரோ குறிப்பிட்ட ஐ.பி. முகவரிகளுக்கு (இணைய இணைப்பின் அடையாள எண்களுக்கு) மட்டும் அனுமதி வைத்திருக்கிறார். இதை நீங்களாகத் தளர்த்த வேண்டாம், அட்மினிடம் கேளுங்கள். பாதுகாப்புக்காகப் போட்ட கதவு அது.

### எக்செல் அல்லது வேர்டில் இருந்து தொட்டால் மட்டும் லாகின் பக்கம் வருகிறது என்றால்

இது தனிக் கதை, பலரைக் குழப்புவதும் இதுதான். பிரவுசரில் லாகின் ஆகித்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் எக்செல்லில் லிங்க்கைத் தொட்டால் லாகின் பக்கமோ பிழைப் பக்கமோ வருகிறது. எக்செல்லும் வேர்டும் லிங்க்கை நேராகப் பிரவுசரிடம் கொடுப்பதில்லை. முதலில் தாங்களே அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கின்றன. அவற்றிடம் உங்கள் லாகின் இல்லாததால் சி.ஆர்.எம். அவற்றை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்பிவிட்ட முகவரிதான் கடைசியில் பிரவுசருக்கு வருகிறது. ரெக்கார்டின் முகவரி வழியில் தொலைந்துவிட்டது.

சோதனை எளிது. கட்டத்தின் மேல் வலது சொடுக்கு செய்து லிங்க்கை நகலெடுத்துப் பிரவுசரில் ஒட்டுங்கள். திறந்தால் காரணம் இதுவே. செலவில்லாத தீர்வும் அதுதான்: நகலெடுத்து ஒட்டுவது. தினமும் நிறைய லிங்க் திறக்கிறவர்கள் அந்தப் பட்டியலைப் பிரவுசரிலேயே திறக்கும் ஷீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றியும் இதை நிறுத்தலாம், ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் வேலையைக் கணினிப் பராமரிப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

### ஆள் கூப்பிட வேண்டிய இடம்

நிறுவனம் முழுவதுக்கும் ஒரே நாளில் எல்லா லிங்க்கும் லாகினுக்குத் திரும்ப ஆரம்பித்தால் ஒற்றை லாகின் அமைப்போ (ஒரே லாகினில் எல்லா மென்பொருளுக்குள்ளும் போகும் ஏற்பாடு), நிறுவனத்தின் சி.ஆர்.எம். முகவரியோ மாறியிருக்கிறது. நீங்கள் எதையும் தொடாமல் அட்மினையோ, அமைத்துக் கொடுத்தவரையோ கூப்பிடுங்கள்.

## அறிகுறி: "ரெக்கார்டு இல்லை" என்று வருகிறது

### லிங்க் முழுதாக வந்திருக்கிறதா?

வாட்ஸ்அப்பில் நீலமாகத் தெரியும் பகுதி எங்கே முடிகிறது என்று பாருங்கள். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, அல்லது இடைவெளி விடாமல் ஒட்டி எழுதிய தமிழ் எழுத்து லிங்க்கோடு சேர்ந்துகொண்டிருக்கலாம். "இதைப் பாருங்க" என்று லிங்க்குக்குப் பக்கத்திலேயே ஒட்டி எழுதும் பழக்கம் இதற்குக் காரணம். லிங்க்கைத் தனி வரியில் அனுப்புங்கள். மெயிலில் வந்ததென்றால், நீளமான லிங்க் இரண்டு வரியாக உடைந்து முதல் வரி மட்டும் லிங்க்காக ஆகியிருக்கும். இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டிப் பாருங்கள்.

### ஐடியின் கடைசியில் பூஜ்ஜியங்களா?

ஐடி என்பது லிங்க்கில் வரும் ரெக்கார்டின் அடையாள எண். அதன் கடைசியில் பூஜ்ஜியங்கள் இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம், குற்றவாளி எக்செல். எக்செல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் பூஜ்ஜியமாக்கிவிடும். ஜோஹோ ரெக்கார்டு ஐடி 18, 19 இலக்கங்கள் உடையது. அதை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்ட நொடியிலேயே கடைசி மூன்று நான்கு இலக்கங்கள் போய்விட்டன.

ஜோஹோவிலிருந்து ஏற்றுமதி செய்தால் ஐடிக்கு முன்னால் சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது அசிங்கமாக இருக்கிறதென்று "கண்டுபிடித்து மாற்று" போட்டு அழித்துவிடுவார்கள். அந்த எழுத்துகள் இருந்தவரை எக்செல் அதைச் சொல்லாகப் பார்த்தது. எழுத்துகள் போனதும் எண்ணாக மாற்றிவிட்டது. கோத்தகிரியில் ஓர் அலுவலகத்தில் விவசாயிகள் பட்டியல் முழுவதும் இப்படிப் போயிற்று. ஷீட்டைச் சேமித்துவிட்டார்கள், பழைய கோப்பும் இல்லை.

சேமித்த பிறகு போன இலக்கங்களை மீட்க வழி கிடையாது. சி.ஆர்.எம்.-இலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டியதுதான். இந்த முறை, ஏற்றுமதியில் வரும் சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, ஐடி நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று குறித்த பிறகே ஏற்றுங்கள். முன்னால் இருக்கும் எழுத்துகளை நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஃபார்முலா போட்டுப் பக்கத்து நெடுவரிசையில் வெட்டி எடுங்கள், விடை சொல்லாகவே நிற்கும். மூல நெடுவரிசையைத் தொடாதீர்கள்.

### எழுத்துகள் எல்லாம் சின்னதாக மாறியிருக்கின்றனவா?

சேல்ஸ்ஃபோர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. அதில் ஒரே ரெக்கார்டுக்கு 15 எழுத்து ஐடியும் உண்டு, 18 எழுத்து ஐடியும் உண்டு. 15 எழுத்து வடிவத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முக்கியம். யாராவது எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கினால் அந்த ரெக்கார்டு கிடைக்காது. ரிப்போர்ட்டை ஏற்றுமதி செய்தால் 15 எழுத்துதான் வரும். 18 எழுத்து வடிவம் தேவையென்றால் அதற்கென ஒரு ஃபார்முலா புலத்தை (புலம் என்பது ரெக்கார்டில் ஒரு விவரத்துக்கான இடம்) அட்மின் ஒருமுறை போட்டுத் தந்தால் போதும்.

### லீட் மாற்றப்பட்டதா, இணைக்கப்பட்டதா, அழிக்கப்பட்டதா?

லிங்க் முழுதாக இருக்கிறது, ஐடியும் சரி. அப்படியானால் ரெக்கார்டுக்குத்தான் ஏதோ நடந்திருக்கிறது.

விசாரிப்பாக வந்த லீட், முன்பதிவு உறுதியானதும் கான்டாக்ட்டாகவும் (ஆளின் ரெக்கார்டு) டீலாகவும் (அந்த முன்பதிவின் ரெக்கார்டு) மாற்றப்படும். அவற்றுக்குப் புது ஐடி. பழைய லீட் லிங்க் வாட்ஸ்அப் குழுவில் கிடந்து, ஒரு வாரம் கழித்து வரவேற்பில் இருப்பவர் அதைத் தொடுவார். சேல்ஸ்ஃபோர்ஸில் மாற்றப்பட்ட லீட்களைப் பார்க்கத் தனி உரிமையே வேண்டும். கைபேசி எண்ணால் தேடினால் புது ரெக்கார்டு கிடைத்துவிடும். உறுதியான முன்பதிவுக்கு டீலின் லிங்க்கைப் புதிதாக அனுப்புவதை வழக்கமாக்குங்கள்.

ஒரே ஆளுக்கு இருந்த இரண்டு ரெக்கார்டுகளை யாராவது இணைத்திருந்தால், நிலைத்து நிற்கும் ரெக்கார்டின் லிங்க் மட்டுமே உயிரோடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதன் பழைய லிங்க்கை நம்ப வேண்டாம். இணைத்ததைத் திரும்பப் பிரிக்கச் சுலபமான வழி இருக்கும் என்றும் எண்ணாதீர்கள்.

அழிக்கப்பட்டிருந்தால் நேரம் முக்கியம். ரீசைக்கிள் பின்னில் சேல்ஸ்ஃபோர்ஸ் 15 நாள், ஜோஹோ 60 நாள் வைத்திருக்கும். ஹப்ஸ்பாட்டில் 90 நாளுக்குள் மீட்கலாம். மீட்டால் பழைய லிங்க்கும் சேர்ந்தே உயிர் பெறும். அதே விவரங்களைப் போட்டுப் புது ரெக்கார்டு உருவாக்கிவிட்டால் ஐடி வேறு, பழைய குறிப்புகளும் அதனுடன் வராது. எனவே அவசரப்பட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள், முதலில் அட்மினை ரீசைக்கிள் பின்னைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதனைச் சூழலின் (பழகிப் பார்க்க வைத்திருக்கும் தனி நகலின்) லிங்க் தவறி வந்திருக்கவும் வாய்ப்புண்டு. புது அமைப்பைப் பழகிக்கொண்டிருக்கும் நாட்களில் முகவரியின் தொடக்கத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

### ஆள் கூப்பிட வேண்டிய இடம்

கெடு நாள் தாண்டி அழிந்துபோன ரெக்கார்டுகள், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் தவறாக இணைக்கப்பட்டவை. இவற்றில் நீங்களே சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு படியும் நிலைமையை மோசமாக்கலாம். காப்புப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி: "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வருகிறது

அனுப்பியவருக்குத் திறக்கிறது, உங்களுக்குத் திறக்கவில்லை. ரெக்கார்டின் ஓனர் யார் என்று அவரிடம் கேளுங்கள். ஜோஹோவில் ஆரம்ப அமைப்பே, ரெக்கார்டின் ஓனரும் அவருக்கு மேலே இருப்பவரும் மட்டும் பார்க்கலாம் என்பதுதான். சக ஊழியர் பார்க்க முடியாது. கோயம்புத்தூரில் இருக்கும் முன்பதிவு ஊழியரும் உதகை வரவேற்பும் ஒரே படிநிலையில் இருந்தால், ஒருவருடையது மற்றவருக்குத் திறக்காது. எந்தக் கோளாறும் இல்லை, சொன்னபடி நடக்கிறது.

ஒரு ரெக்கார்டுக்கு மட்டும் தேவை என்றால் அதை மட்டும் உங்களோடு பகிரச் சொல்லுங்கள். இது எல்லா ரெக்கார்டுக்கும் தினமும் தேவைப்படும் வேலை என்றால், "முன்பதிவுப் பிரிவின் டீல்களை வரவேற்புப் பிரிவு பார்க்கலாம், மாற்ற முடியாது" என்று ஒரு பகிர்வு விதியை அட்மின் எழுதட்டும். நேற்றுவரை திறந்தது இன்று திறக்கவில்லை என்றால் ஓனர் மாறியிருப்பார், அல்லது உங்கள் பொறுப்பு மாற்றப்பட்டிருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய ரெக்கார்டுகளை மொத்தமாக வேறொருவர் பெயருக்கு மாற்றும் நாளில் இந்தப் புகார் வரிசையாக வரும்.

அட்மின் உரிமையை எல்லோருக்கும் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விருந்தினரின் அடையாள அட்டை எண், விவசாயியின் வங்கி விவரம் எல்லாம் அந்த ரெக்கார்டுகளில்தான் இருக்கின்றன. ஒரு லிங்க் திறக்க வேண்டும் என்பதற்காக அத்தனையையும் திறந்துபோடுவது நம்மை நம்பித் தகவல் கொடுத்தவர்களுக்குச் செய்யும் தீங்கு.

## அறிகுறி: திறக்கிறது, ஆனால் வேறு ஒருவரின் ரெக்கார்டு

இந்த அறிகுறியைத்தான் நான் மிக அதிகமாக அஞ்சுகிறேன். திறக்காத லிங்க் வேலையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தவறான ரெக்கார்டைத் திறக்கும் லிங்க்கால் ஒருவருக்குச் சேர வேண்டிய இலைப் பணம் இன்னொருவர் கணக்கில் பதிவாகிவிடும். இதைப் பார்த்தவுடன் அந்த ஷீட்டைப் பயன்படுத்துவதை எல்லோரும் நிறுத்துங்கள். ஏற்கெனவே அதை வைத்து ஏதாவது பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுகளின் பட்டியலையும் எடுத்து வையுங்கள்.

### கட்டத்தில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறா?

எக்செல்லில் லிங்க் உள்ள கட்டத்தில் எழுத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் முகவரி மாறாது. பழைய வரியை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றினால், புதிய பெயரின் கீழே பழைய ஆளின் லிங்க் ஒளிந்திருக்கும். சுட்டியை அதன் மேல் வைத்துப் பாருங்கள், உண்மையான முகவரி சின்னப் பெட்டியில் தெரியும்.

### இழுத்து நிரப்பினீர்களா?

எண்ணில் முடியும் எழுத்துத்தொடரைக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எக்செல் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். ஓடூ, வீடைகர் போன்றவற்றில் ரெக்கார்டு ஐடி ஒரு சின்ன வரிசை எண். ஒன்று கூடினால் பக்கத்து ஆளின் ரெக்கார்டு கச்சிதமாகத் திறக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. யாருக்கும் சந்தேகமே எழாது.

லிங்க்கை இழுத்து நிரப்பாமல், அடிப்படை முகவரியை ஒரு கட்டத்திலும் ஐடியைத் தனி நெடுவரிசையிலும் வைத்து, ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவால் இரண்டையும் இணையுங்கள். ஃபார்முலாவுக்குள் நேராக எழுதும் சொற்றொடர் 255 எழுத்துகளைத் தாண்டினால் எக்செல் ஏற்காது. அடிப்படை முகவரியைக் கட்டத்தில் வைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

### வீலுக்கப் போட்டு ஐடி பொருத்தினீர்களா?

சேல்ஸ்ஃபோர்ஸின் 15 எழுத்து ஐடிகளில் இரண்டு, பெரிய எழுத்து சின்ன எழுத்தில் மட்டும் வேறுபடலாம். பட்டியலில் தேடிப் பொருத்தும் எக்செல் ஃபார்முலாவான வீலுக்கப் அந்த வேறுபாட்டைப் பார்க்காது, முதலில் கிடைத்ததைக் கொடுத்துவிடும். "நகல்களை நீக்கு" கட்டளையும் அப்படித்தான், நல்ல வரிகளை நகல் என்று நினைத்து நீக்கிவிடும். 18 எழுத்து வடிவத்துக்கு மாறுங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்தது.

### பட்டியலின் லிங்க்கை அனுப்பினாரா?

சில மென்பொருள்களில் ரெக்கார்டு பக்கவாட்டில் திறந்திருக்கும், மேலே இருக்கும் முகவரி பட்டியலுடையதாகவே இருக்கும். "என் லீட்கள்" என்ற பட்டியலின் லிங்க்கை அனுப்பினால், திறக்கிறவருக்கு அவருடைய லீட்கள்தான் வரும். ரெக்கார்டைத் தனி டேபில் முழுதாகத் திறந்து, அதன் முகவரியை நகலெடுக்கச் சொல்லுங்கள்.

### ரெக்கார்டு சரி, ஆள்தான் வேறா?

ஒரே ஹட்டியில், ஒரே தலைப்பெழுத்தோடு, ஒரே பெயரில் பலர் இருப்பது இங்கே சாதாரணம். பெயரால் தேடி எடுத்த லிங்க் அடுத்த வீட்டுக்காரருடையதாக இருக்கும். தொழிற்சாலை கொடுக்கும் இலை வழங்குநர் எண்ணையோ கைபேசி எண்ணையோ ரெக்கார்டின் தலைப்பிலேயே தெரியும்படி வையுங்கள். லிங்க் அனுப்பும்போதும் அந்த எண்ணைக் கூடவே எழுதுங்கள். திறந்தவர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி வேண்டும்.

### ஆள் கூப்பிட வேண்டிய இடம்

தவறான லிங்க் வழியாகப் பணமோ இலை எடையோ பதிவாகியிருந்தால், கணக்காளரும் சி.ஆர்.எம். பராமரிப்பவரும் சேர்ந்து உட்கார வேண்டும். எந்தப் புலத்தை யார் எப்போது மாற்றினார் என்ற வரலாற்றை எடுத்த பிறகே திருத்தம் தொடங்க வேண்டும். முதலில் திருத்திவிட்டால் தடயம் கலைந்துவிடும்.

## அறிகுறி: கம்ப்யூட்டரில் திறக்கிறது, போனில் மட்டும் இல்லை

லிங்க்கைத் தொட்டதும் சி.ஆர்.எம். ஆப் திறக்கிறதா, பிரவுசர் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் லாகின் தனித்தனி. பிரவுசரில் லாகின் இல்லாமல் இருக்கும், ஆப்பில் இருக்கும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் அமைப்புக்குள் போனால், அது எந்த லிங்க்குகளைத் திறக்கலாம் என்ற பகுதி உண்டு, அதை இயக்கிவிடுங்கள். மெயில் ஆப்பின் உள்ளேயே திறக்கும் குட்டி பிரவுசர் தொல்லை தந்தால், மெனுவில் "பிரவுசரில் திற" என்பதைத் தொடுங்கள்.

சுற்றிக்கொண்டே இருந்து எதுவும் வரவில்லை என்றால் நெட்வொர்க். பர்லியாறு வளைவுகளில் நின்றுகொண்டு ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வழியில் தேவைப்படும் விவரத்தை, கிளம்பும் முன் மெசேஜில் எழுத்தாக அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். லிங்க் மட்டும் இருந்தால் மலைப்பாதையில் கையில் ஒன்றும் இல்லாதது மாதிரிதான்.

## அறிகுறி: வாடிக்கையாளருக்கு அனுப்பிய லிங்க் அவருக்குத் திறக்கவில்லை

உள் ரெக்கார்டின் லிங்க் வெளியாளுக்குத் திறக்கக் கூடாது. அவருக்கு லாகின் இல்லை. அவருக்குத் தேவை முன்பதிவு உறுதிச்சீட்டின் பி.டி.எஃப். அல்லது பொதுவில் திறக்கும் படிவம். மெயில் வார்ப்புருவில் தவறுதலாக உள் லிங்க்கைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவேளை அது வெளியாளுக்குத் திறந்துவிட்டது என்றால் உடனே அட்மினைக் கூப்பிடுங்கள், அன்று மாலைவரைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி: ரெக்கார்டு திறக்கிறது, உள்ளே இன்னொரு ரெக்கார்டோடு இருக்க வேண்டிய இணைப்பு காலி

விவசாயியின் ரெக்கார்டு இருக்கிறது, அவருடைய ஊர்க் குழுவோ ஏஜென்ட்டோ இருக்க வேண்டிய இடம் வெறுமை. மொத்தமாக இறக்குமதி செய்த பின்புதான் இது தெரியவரும்.

இறக்குமதி வரிசையைப் பாருங்கள். தாய் ரெக்கார்டுகள் முதலில், பிள்ளைகள் அப்புறம். ஏஜென்ட் பட்டியலுக்கு முன்பே விவசாயி பட்டியலை ஏற்றியிருந்தால் இணைக்க ஆள் இல்லாமல் காலியாக விட்டிருக்கும்.

வரிசை சரியென்றால் பெயர் பொருந்தவில்லை. பின்னால் ஒரு வெற்றிடம், ஒரு ஷீட்டில் ஊட்டி, இன்னொன்றில் உதகை, மூன்றாவதில் உதகமண்டலம். கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு என்றால் கண்டுபிடித்துவிடலாம். தமிழில் தெரியாத வேறுபாடும் உண்டு. "கோத்தகிரி"யில் உள்ள "கோ"வை யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைத்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இரண்டாவது வகை வரும். பல மென்பொருள்களுக்கு அவை இரண்டும் வெவ்வேறு ஊர்கள். எக்செல்லில் நீளம் அளக்கும் ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள், ஒன்றில் ஒரு எழுத்து அதிகமாகக் காட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சரியாக இருக்கும் ஒன்றை நகலெடுத்து மற்றவற்றின் மேல் ஒட்டுங்கள். ர-வையும் காலையும் மாற்றி அடித்திருப்பதும், ஔ-வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டாக அடித்திருப்பதும் இதே கூட்டம்.

நிரந்தரத் தீர்வு, பெயரை வைத்து இணைப்பதை விட்டுவிட்டு ஐடியையோ வழங்குநர் எண்ணையோ வைத்து இணைப்பது. இறக்குமதித் திரையில் எந்தப் புலத்தை வைத்துப் பொருத்த வேண்டும் என்று கேட்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். முதலில் ஐந்தாறு வரிகளை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள்.

## வெளியாளைக் கூப்பிடும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

நேரத்துக்குக் காசு வாங்குகிறவரை உட்கார வைத்துக்கொண்டு விவரம் தேடக் கூடாது. வந்த பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், அதில் முகவரிப் பட்டை முழுதாகத் தெரிய வேண்டும். லிங்க்கை எழுத்தாகவும் நகலெடுத்து வையுங்கள், படத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் பிரித்துத் தெரியாது. யாருடைய லாகின், எந்தக் கருவி, எந்த நேரம். முதல் மூன்று சோதனைகளின் விடைகள். கடைசியாக எந்த இறக்குமதி, எந்த இணைப்பு, எந்த ஆள்மாற்றம் நடந்தது என்பதும் வேண்டும். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பழுது பார்க்க அவை தேவையில்லை. பார்க்க வேண்டுமென்றால் அவருக்கெனத் தற்காலிகக் கணக்கு ஒன்றை அட்மின் உருவாக்கி, வேலை முடிந்ததும் மூடட்டும்.

திறக்காத லிங்க்கோடு, அதே மாட்யூலில் (லீட், டீல் போன்ற ஒரே பிரிவில்) ஒழுங்காகத் திறக்கும் ஒரு லிங்க்கையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று பழகியவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.